அடுக்கறியாக் கல்வி

நம் தமிழ்ப்பள்ளிகளில் கணினி இருக்கிறது. கணினிக் கல்வி இல்லை. இது கடுமையான கூற்று. ஆயினும், கேட்பதற்கு இனியதாக இல்லை என்பதனால் ஓர் உண்மை பொய்யாகிவிடாது. தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்புகளில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடத்தின் வழியாக நிரலாக்கம் நுழைந்துவிட்டது. 2017 முதல் இடைநிலைப்பள்ளியின் கீழ்ப்படிவங்களில் கணினி அறிவியலின் அடிப்படைகள் தனிப்பாடமாகவே வைக்கப்பெற்றன. பாடம் வந்தது, புத்தகம் வந்தது, பொருள்களும் ஓரளவு வந்தன. மாணவன் வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்துகிறான். திரையில் பூனை நடக்கிறது. நாம் கைதட்டுகிறோம், மாவட்டப் போட்டிக்கு அனுப்புகிறோம், நிழற்படம் எடுத்துப் பள்ளி மலரில் அச்சிடுகிறோம். பூனையை நடக்கச் செய்தது எது என்று அந்த மாணவனைக் கேட்போர் நம்முள் எத்தனை பேர்? அவன் பொருத்திய கட்டத்திற்குக் கீழே என்ன இருக்கிறது, அதற்கும் கீழே என்ன இருக்கிறது, அவற்றுள் ஒன்று சரிந்தால் எவையெவை சரியும் என்று எண்ணிப் பார்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தோர் எத்தனை பேர்?

பத்து வரி எழுதத் தெரிந்தவன் நிரலாளன் ஆகிவிடுவான் என்ற எண்ணம், பத்துச் சொல் எழுதத் தெரிந்தவன் காப்பியம் பாடிவிடுவான் என்ற எண்ணத்திற்கு ஒப்பானது. உலகில் வேலைசெய்யும் நிரல்கள் பத்து வரிகளால் ஆனவை அல்ல. அவை பல இலட்சம் வரிகளால், பல்லாண்டுகளாக, ஒருவரையொருவர் முகமறியாத பலர் எழுதிச் சேர்த்த பெருநிரல்கள். அவற்றை ஆள்வதற்கு வேண்டிய முதற்கலை எழுதும் கலை அன்று; படிக்கும் கலை. எது எதன்மேல் நிற்கிறது, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கண்டறியும் கலை. அக்கலையை நாம் கற்பிப்பதில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

அடுக்கும் சார்பும்

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருநிரலை 1991-இல் தொடங்கியவர் பின்லாந்தின் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ். இன்று அந்நிரல் மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. நாள் ஒன்றுக்கு ஆயிரம் வரி வீதம் ஒருவர் விடாது படித்தாலும் முடிப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அவர் படித்த பகுதிகளெல்லாம் பலமுறை மாற்றி எழுதப்பட்டிருக்கும். அவ்வாறாயின் அதனை மனிதர் எவ்வாறு பேணுகின்றனர்? முழுவதையும் படித்தவர் எவரும் இலர். ஆனால் முழுவதும் எவ்வாறு அடுக்கப்பெற்றுள்ளது என்பதைத் தேர்ந்தவர்கள் அறிவர். இந்த அறிவே அவர்களுக்கு ஏணி.

1968-இல் நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா தம் குழுவினருடன் உருவாக்கிய இயங்குதளத்தை அடுக்கடுக்காக அமைத்துக் காட்டினார். கீழடுக்கைத் தனியே சோதித்து உறுதி செய்தபின் அதன்மேல் அடுத்த அடுக்கை எழுப்புவது அவர் நெறி. மேலடுக்குக் கீழடுக்கைச் சார்ந்திருக்கலாம். கீழடுக்கு மேலடுக்கைச் சார்ந்திருத்தல் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்துவிட்டால், ஒருவர் தோளில் ஒருவர் ஏற முயலும் இருவரைப் போல இரண்டுமே நிற்கமாட்டா. 1972-இல் பார்னாஸ் என்பார் மற்றோர் உண்மையைத் தெளிவுறுத்தினார். நிரலைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது வேலையின் படிமுறைப்படி பிரிப்பது சிறப்பன்று. பின்னாளில் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு பகுதிக்குள் மறைத்துவைத்து, பிற பகுதிகள் அதனை அறியாமலே இயங்குமாறு பிரிப்பதே சிறப்பு என்றார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? சொற்களை அகர வரிசைப்படுத்திக் காட்டும் ஒருவகைச் சொல்லடைவு நிரல்! சொல்லடைவு என்பது நம் புலவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைகொண்டு உழைத்த துறை. அதனை வைத்து ஒருவர் நிரலாக்கத்தின் அடிப்படைக் கொள்கையை நிறுவி அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. நாமோ கணினி நமக்குத் தொடர்பில்லாத துறை என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சார்பறியாமையால் விளையும் கேட்டிற்குச் சான்றுகள் வேண்டுமா? 2016 மார்ச்சுத் திங்களில், பதினொரே வரிகளால் ஆன ஒரு சிறு நிரலை, அதனை எழுதியவர் பெயர்ப் பிணக்கு ஒன்றின் காரணமாகப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். ஒரு சொற்றொடரின் இடப்புறத்தை வேண்டிய அளவு நிரப்புவது தவிர வேறொன்றும் அது செய்வதில்லை. அது போனதும் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிரல்களைக் கட்டி முடிக்க இயலாமற்போயிற்று. தாம் அதனைச் சார்ந்திருக்கிறோம் என்பதே அவர்களுள் பலருக்குத் தெரியாது. அவர்கள் சார்ந்த நிரல் மற்றொன்றைச் சார்ந்திருந்தது; அது இதனைச் சார்ந்திருந்தது. 2021 திசம்பரில் இதனினும் பெரிய இடர் வந்தது. நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் பொதுநிரல் ஒன்றில் கொடிய ஓட்டை இருப்பது வெளிப்பட்டது. அப்போது பெருநிறுவனங்களை நடுங்கவைத்த கேள்வி அதனைத் திருத்துவது எவ்வாறு என்பதன்று. அது நம் மென்பொருளுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே. தம் வீட்டுக்குள் யார் இருக்கிறார் என்று தெரியாத வீட்டுக்காரரின் நிலை அது.

ஓர் எழுத்தின் பயணம்

இவையெல்லாம் யாருக்கோ நேர்ந்தவை என்று தமிழாசிரியர் தள்ளிவிட முடியாது. தமிழுக்கு நேர்ந்ததையே சொல்கிறேன்.

‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குப் புலப்படுவன மூன்று வடிவங்கள்: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். 1990களில் நாம் பயன்படுத்திய பெரும்பாலான எழுத்துருக்களில் கணினியின் நினைவில் பதிந்தனவும் இம்மூன்று வடிவங்களே. கண்ணில் கண்ட வரிசையிலேயே கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் கடைசியில் எனப் பதிந்தன. எழுத்து என்பது வேறு, அதன் வரிவடிவம் என்பது வேறு. இவ்விரண்டு அடுக்குகளையும் அன்று ஒன்றாகக் குழைத்துவிட்டோம். விளைவு யாது? ‘கொடி’ என்னும் சொல் ககரத்தில் தொடங்குகிறது என்பதைக் கணினி அறியவில்லை. கொம்பில் தொடங்குகிறது என்றே அறிந்தது. அகராதி வரிசைப்படுத்தினால் கெட்டது. அதனினும் பெரிய கேடு, ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தமை. எழுத்துரு இருந்தால் உரை உண்டு. எழுத்துரு போனால் உரை உரோமக் குறிகளின் குப்பை. எத்தனை பள்ளிகளின் பொன்விழா மலர்கள், எத்தனை எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளைத் தட்டச்சு செய்த கோப்புகள், இன்று திறந்தால் படிக்க முடியாத குறிக்கூட்டமாகக் கிடக்கின்றன! ஓலைச்சுவடியைச் செல்லரித்தது என்று கண்ணீர் வடித்த நாமே, நம் காலத்துச் சுவடிகளை அடுக்கறியாமைக்கு இரையாக்கினோம்.

ஒருங்குறி முறை அவ்விரண்டு அடுக்குகளையும் பிரித்தது. அம்முறையில் ‘கொ’ என்பதற்கு நினைவில் பதிவன இரண்டே குறியீடுகள்: ககரமும் ஒகரக் குறியும். திரையில் அவற்றை மூன்று வடிவங்களாக விரித்து, கொம்பை இடப்புறம் கொண்டுபோய் வைப்பது வேறோர் அடுக்கின் வேலை. விரல் தொடும் விசைப்பலகை ஓர் அடுக்கு. அது அனுப்பும் குறியீடு ஓர் அடுக்கு. குறியீட்டை வடிவங்களாகக் கோக்கும் நிரல் ஓர் அடுக்கு. அவ்வடிவங்களைத் தாங்கும் எழுத்துரு ஓர் அடுக்கு. இவற்றையெல்லாம் பயன்கொள்ளும் செயலி அனைத்திற்கும் மேலடுக்கு. எழுத்துருவை மாற்றினாலும் இன்று உரை கெடுவதில்லை. விசைப்பலகையை மாற்றினாலும் கெடுவதில்லை. அடுக்குகளைப் பிரித்ததன் பயன் இது.

கோக்கும் அடுக்கு சரிந்தால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் உலகம் கண்டது. தெலுங்கின் கூட்டெழுத்து ஒன்றை வரைந்து காட்ட முற்பட்டபோது ஐபோன்களில் செயலிகள் அடியற்ற மரமாய் விழுந்தன. செய்தி அனுப்பும் செயலியில் பிழை இல்லை; தெலுங்கு மொழியிலும் பிழை இல்லை. நடுவே இருந்து எழுத்தைக் கோக்கும் நிரலில் பிழை. அதன்மேல் நின்ற அனைத்தும் அதனோடு வீழ்ந்தன. மேலே விரிசல் கண்டவன் மேலேயே பூசிக்கொண்டிருந்தால் வீடு நிற்காது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை.

இல்லாத இடத்தில் எடுத்த முடிவு

இங்கே சிலர் சீறுவர்: ‘ஒருங்குறி தமிழுக்கு இழைத்த அநீதியை நீர் மூடி மறைக்கிறீர், 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் தராமல் 128 இடங்களுக்குள் நம்மை அடைத்துவிட்டனர்’ என்பர். அவர்கள் சினத்தில் பாதி நியாயம் உண்டு. பாதி அடுக்கு மயக்கம்.

மயக்கத்தை முதலில் சொல்கிறேன். எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் வேண்டும் என்பது குறியீட்டு அடுக்கின் கட்டாயத் தேவையன்று. முதலெழுத்து முப்பது என்றும், உயிர்மெய் உயிரும் மெய்யும் கூடிப் பிறப்பது என்றும் கற்பிக்கும் நாம், கூடிப் பிறப்பனவற்றைக் கூட்டியே பதிவதை இழிவென்று கொள்ளுதல் தகாது.

இனி நியாயத்தைச் சொல்கிறேன். தமிழ் 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆனால் அதன் அமைப்பு, இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவாக 1988-இல் வகுத்த குறியீட்டு முறையைத் தழுவியது. அதனால் மெய்யை அடிப்படையாகக் கொள்ளாமல், அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டது. நம் இலக்கணப்படி க் என்பதோடு அகரம் சேர்ந்து ககரம் ஆகிறது. அங்கோ ககரத்தோடு புள்ளி சேர்ந்து க் ஆகிறது. வரிசையும் நம் நெடுங்கணக்கு வரிசை அன்று. நகரத்தை அடுத்து னகரம் நிற்கிறது. ரகரத்தை அடுத்து றகரம் நிற்கிறது. ஆகவே குறியீட்டு வரிசையை அப்படியே கொண்டு தமிழ்ச் சொற்களை அடுக்கினால் அகராதி பிழைபடும். அப்பிழையை அதற்கு மேலுள்ள வரிசைப்படுத்தும் அடுக்கில் தனி விதிகள் எழுதித்தான் சரிசெய்ய வேண்டியுள்ளது.

கீழே திருத்திவிடலாமே என்றால், முடியாது. ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை நகர்த்துவதோ நீக்குவதோ இல்லை என்பது 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பு முதல் ஒருங்குறியின் உறுதிப்பாடு. இது பிடிவாதம் அன்று. உலகின் கோடிக்கணக்கான கோப்புகள் அதன்மேல் நிற்கின்றன. எதன்மேல் மிகுதியான பொருள்கள் சார்ந்து நிற்கின்றனவோ அதனை அசைக்க முடியாது என்பது அடுக்கின் மாறாத விதி. தமிழ்நாட்டு அரசு 2010-இல் ஒருங்குறியோடு அனைத்து எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் பதினாறு நுண்மிக் குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டது. எனினும் உலகின் கைப்பேசிகளும் இணையமும் ஒருங்குறியின் மேலேயே நிற்கின்றன. காலங் கடந்தபின் கீழடுக்கை மாற்றப் புகுந்தவர் காணும் பயன் அவ்வளவே.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் புலம்பல் அன்று. அடித்தளத்தை முடிவுசெய்யும் காலத்தில், அடித்தளம் என்பது யாது என்று அறிந்த தமிழர் போதிய அளவில் அவையில் இருக்கவேண்டும் என்பதே பாடம். அவ்வாறு அறிந்தவர் சிலரேனும் இருந்தமையால்தான் நாம் பிழைத்தோம். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1997-இல் தமிழ் இணையத்திற்கென முதல் மாநாட்டைக் கூட்ட முன்னின்றார். நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலிருந்து முரசு மென்பொருளையும், 2005 முதல் கைப்பேசியில் செல்லினத்தையும் தந்தார். 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001-இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. விசைப்பலகையோடு நின்றுவிடாமல் குறியீடு, எழுத்துரு, கோக்கும் நிரல் எனக் கீழடுக்குவரை இறங்கிச் சென்றவர்கள் இவர்கள். இவர்களுக்குப் பின் யார்? ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை வைத்திருக்கும் நாம் விடைசொல்லக் கடமைப்பட்ட கேள்வி இது.

மறுப்புரைகளுக்கு மறுப்பு

‘நான் தமிழாசிரியன், நிரலை ஆராய எனக்கென்ன தகுதி?’ என்பார் உளர். அவர்க்குச் சொல்வேன்: உமக்கு இருக்கும் தகுதி பிறர்க்கு இல்லை. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என யாப்பின் உறுப்புகளை அடுக்கடுக்காகக் கற்பிப்பவர் நீர். வெண்பாவில் மாச்சீரை அடுத்து நிரையசை வரவேண்டும். விளச்சீரையும் காய்ச்சீரையும் அடுத்து நேரசை வரவேண்டும். ஒரு மாச்சீரை எடுத்துவிட்டு விளச்சீரை வைத்தால் அடுத்த சீரின் முதலசை பிழைபடுகிறது. ஆனால் நான்காம் அடியின் ஈற்றுச்சீருக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. எந்த மாற்றம் எதுவரை பரவும் என்பதைத் தளை வரையறுக்கிறது. நிரலின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் வாயில்களும் இத்தகையனவே. தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்று என்கிறது. தாமே நில்லாமல் பிறவற்றைச் சார்ந்து வருவன என்பதே அப்பெயரின் பொருள். சார்பு என்னும் சொல்லே நம் இலக்கணத்தின் தொடக்கத்தில் கிடக்கிறது.

இதனைக் கொண்டு, தொல்காப்பியர் கணினியை அன்றே கண்டார் என்று மேடையில் முழங்குவோர்க்கு நான் துணைபோக மாட்டேன். அத்தகைய வெற்றுப் பெருமை நம்மை வளர்க்காது; நம் மாணவரைச் சோம்பராக்கும். நான் சொல்வது இவ்வளவே: அமைப்பைப் பகுத்துப் படிக்கும் பயிற்சி நம் கையில் இருக்கிறது. அதனைப் புதிய பொருளின்மேல் செலுத்த நாம் அஞ்சுகிறோம்.

‘செயற்கை நுண்ணறிவே இனி நிரலை எழுதித் தந்துவிடும், பிள்ளைகள் ஏன் வருந்தவேண்டும்?’ என்பார் வேறு சிலர். அது எழுதித் தருவது உண்மை. அதனால்தான் படிக்கத் தெரிந்தவர் முன்னினும் மிகுதியாக வேண்டும் என்கிறேன். நொடியில் இருநூறு வரி வருகிறது. அவ்விருநூறு வரி எந்த அடுக்கில் அமர வேண்டும், எதனைச் சார்கிறது, எதனைச் சாரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்பவன் யார்? கல் அறுக்கும் பொறி வந்துவிட்டது என்பதற்காகச் சுவர் எங்கே நிற்கவேண்டும் என்று அறிந்த கொத்தனார் வேண்டாமற்போவாரா?

‘நம் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆழம் எதற்கு?’ என்று கேட்போரும் உளர். இதுவே எனக்குப் பொறுக்க முடியாத கேள்வி. எங்கள் உலு திராம் வட்டாரத்தின் முன்னோர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்று அங்கேயும் அடுக்குகள் இருந்தன. பால்மரம் சீவியவர் தம் நிரையை நுணுக்கமாக அறிந்திருந்தார். எந்த மரத்தின் பட்டை எப்படிப்பட்டது என்பது அவர் விரலுக்குத் தெரியும். ஆனால் அவர் சேர்த்த பால் எங்கே போகிறது, அதற்கு விலை வைப்பவர் யார் என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. சுமை முழுவதும் கீழடுக்கின்மேல். அறிவு முழுவதும் மேலடுக்கில். அத்தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சற்றுத் தொலைவில் கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. 2025 சனவரியில் ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கு ஒப்பந்தம் கையெழுத்தாகியுள்ளது. இப்புதிய தோட்டத்திலும் நம் பிள்ளைகள் தத்தம் நிரையை மட்டும் அறிந்தவர்களாக, சொன்ன கட்டத்தைச் சொன்ன இடத்தில் பொருத்துபவர்களாகவே நுழையவேண்டுமா? பாட்டனுக்கு மறுக்கப்பட்ட அறிவைப் பேரனுக்கு நாமே மறுப்பதா?

செய்யத்தக்கன

குறை கூறிவிட்டு நழுவுவது ஆசிரியர்க்கு அழகன்று. செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடிய நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுதுமுன் படிக்கச் செய்க. பிறர் எழுதிய நிரல் ஒன்றை மாணவர் முன் வைத்து, அது எங்கே தொடங்குகிறது என்று தேடச் சொல்க. செய்யுளைப் பயிலாமல் செய்யுள் இயற்றுமாறு எந்த ஆசிரியரும் சொல்லுவதில்லையே!

இரண்டாவது, முழுவதையும் ஒரே நேரத்தில் விளக்க முயலாமல், ஒரே செயலை அடிமுதல் நுனிவரை பின்தொடரச் செய்க. விசையில் ‘கொ’ எனத் தட்டியது முதல் திரையில் தோன்றுவது வரை எத்தனை கைகள் மாறுகிறது என்று கரும்பலகையில் வரையச் சொல்க. ஒரு நூலிழை கைவசமானால் துணி நெய்த முறை தானே விளங்கும்.

மூன்றாவது, சார்பு வரைபடம் எழுதச் செய்க. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கட்டம். சார்வதிலிருந்து சாரப்படுவதை நோக்கி ஓர் அம்பு. அம்புகள் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் அங்கே நோய் இருக்கிறது. மிகுதியான அம்புகள் வந்து குவியும் கட்டத்தைத் தொடுமுன் பத்துமுறை எண்ணவேண்டும்.

நான்காவது, ‘இதனை எடுத்துவிட்டால் எவை விழும்?’ என்று வகுப்புதோறும் கேட்க. முன்கூட்டி எழுதி வைக்கச் செய்து, பின்பு உண்மையாகவே எடுத்துப் பார்க்கச் செய்க. எதிர்பாராதது விழுந்தால், அங்கேதான் மறைந்திருந்த சார்பு. அங்கேதான் அன்றையப் பாடம்.

ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் தமிழ் பயிலும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். விசைப்பலகையைப் பழகியதும் கணினித் தமிழ் முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அது வாயிற்படி. உங்கள் இலக்கணத்தை உள்ளே கொண்டு செல்லுங்கள்; வரிசைப்படுத்தும் விதியில், சொற்பிழை திருத்தியில், தேடும் நிரலில் அதற்கு வேலை இருக்கிறது. நீங்கள் செல்லாவிட்டால், தமிழ் அறியாத ஒருவர் தமக்குத் தெரிந்தபடி அதனை எழுதி முடிப்பார். பின்னர் அதன்மேல் ஆயிரம் நிரல்கள் வந்து நிற்கும். அப்போது அதனை அசைக்க உங்களாலும் முடியாது, அரசாணையாலும் முடியாது.

மேடையில் தமிழை வாழ்த்தும் குரல்களுக்கு நம்மிடம் குறைவில்லை. அடித்தளத்தில் கைவிளக்கோடு இறங்கி, எந்தத் தூண் எதனைத் தாங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பவரே குறைவு. அவர்களை உருவாக்கும் இடம் வகுப்பறை; உருவாக்க வேண்டியவர் ஆசிரியர்; உருவாக்கும் காலம் அடுத்த அடித்தளம் இறுகுவதற்கு முன்.